நோட்டீஸ் கொடுத்த 14 நாள்

(சாத்தாங்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2018 ஜனவரி 4, வியாழக்கிழமை. வேலை முடிந்து சனம் வீடு திரும்பும் மாலை நேரம். போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களின் ஊதியப் பேச்சு முறிந்துவிட்டது என்ற செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. சென்னைத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்த மாநகரப் பேருந்துகள் அடுத்தடுத்துப் பணிமனைக்குத் திரும்பின. பாதி வழியில் இறங்க வேண்டி வந்தவர்கள் நிறுத்தங்களில் காத்திருந்து பார்த்தார்கள். பிறகு நடக்கத் தொடங்கினார்கள். அன்று நின்ற பேருந்துகள் 11-ஆம் தேதி இரவு வேலைநிறுத்தம் விலக்கிக்கொள்ளப்பட்ட பிறகே பழையபடி ஓடின. பொங்கலுக்கு மூன்று நாள்தான் இருந்தது.

அந்த ஒரு வாரம் வடசென்னையின் சாத்தாங்காட்டிலிருந்து பாரிமுனைக்குப் போய்வருவது எப்படி? மெட்ரோ ரயில் அப்போது இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வண்ணாரப்பேட்டைக்கு 2019-இல் வந்தது. விம்கோ நகர் வரை நீண்டது 2021 பிப்ரவரி 14-இல். கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் திருவொற்றியூரில் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்த ஸ்டேஷனுக்குப் போகவே ஒரு வண்டி வேண்டும். மிச்சமிருந்தது ஷேர் ஆட்டோ. மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர், வழக்கமான கட்டணத்துக்கு மேல் கேட்டதைக் கொடுத்து, திருவொற்றியூர் தேரடி வரை ஒரு வண்டி, அங்கிருந்து இன்னொரு வண்டி. இரும்பு ஏற்றிய டிரெய்லர்களும் கன்டெய்னர் லாரிகளும் நெருக்கும் இந்தச் சாலைகளில் நடந்து போவது எவ்வளவு ஆபத்து என்பது இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசுத் துறை வேலைநிறுத்தம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு குரல்களில் கேட்கும். ஒன்று, மக்களைப் பணயம் வைக்கிறார்கள் என்பது. மற்றது, உரிமைக்காகப் போராடுகிறார்கள் என்பது. இரண்டிலும் உண்மை உண்டு. இந்த உரை எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு: வேலை நிற்கும் நாளுக்கு முன்னால் கழிந்த நாட்களில் யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஒரு நாள் கூலியின் கணக்கு

பேருந்து நிற்கும் நாள் எல்லோருக்கும் ஒரே நாள் அல்ல. மாதச் சம்பளக்காரருக்கு அது ஒரு தற்செயல் விடுப்பு. இருசக்கர வாகனம் உள்ளவருக்குக் கொஞ்சம் கூடுதல் பெட்ரோல். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பாரம் ஏற்றி இறக்கும் லோடுமேனுக்கு அது ஒரு நாள் கூலி. வீட்டு வேலைக்குப் போகும் பெண் முதல் நாள் தாமதமாகப் போனால் முதலாளியம்மாவின் முகம் மாறும். மூன்றாம் நாளும் தாமதம் என்றால் வேறு ஆளைத் தேடுவார்கள். பூக்கடையில் விடியற்காலையில் பூ வாங்கித் தெருவில் கட்டி விற்பவருக்கு, நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அன்றைக்கு வியாபாரமே இல்லை.

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வேலைநிறுத்தத்தின் கணக்கும் மாறிவிட்டது. முன்பு பேருந்துக் காசுக்கும் ஷேர் ஆட்டோ காசுக்கும் உள்ள வித்தியாசம்தான் இழப்பு. இப்போது ஒன்றும் கொடுக்காமல் போனவர் முழுக் காசையும் கையிலிருந்து எடுக்க வேண்டும். குடும்பச் செலவில் அந்தப் பேருந்து எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டதோ, அது நிற்கும் நாளும் அந்த அளவுக்கு வலிக்கும்.

2018-இல் தகராறு எதைப் பற்றியது? அடிப்படை ஊதியத்தை எந்த எண்ணால் பெருக்குவது என்பதைப் பற்றியது. சங்கங்கள் கேட்டது 2.57 மடங்கு; அரசு தர முன்வந்தது 2.44. இடைவெளி 0.13. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்ணுக்காக மாநிலம் முழுக்க ஒரு வாரம் பேருந்து நின்றது. அனுபவமில்லாத தற்காலிக ஓட்டுநர்களை வைத்து ஓட்டிய பேருந்துகள் பல இடங்களில் விபத்தில் சிக்கின. கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ஈ.பத்மநாபனை மத்தியஸ்தராக நியமித்தது, வேலைநிறுத்தம் முடிந்தது. மத்தியஸ்தர் ஒருவரை நியமிக்க எட்டாம் நாள் வரை காத்திருக்க எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அடுத்த அடி ஜனவரி 20-இல் விழுந்தது. பேருந்துக் கட்டணம் உயர்ந்தது. சென்னை சாதாரணப் பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயானது. அதிகபட்சம் 14-லிருந்து 23. ஒரு வாரம் கூலியை இழந்தவர்களே அடுத்த வாரம் கூடுதல் டிக்கெட்டையும் எடுத்தார்கள்.

முடிந்த ஒப்பந்தங்கள், தொடங்காத பேச்சு

2018 தகராறுக்கு முந்தைய போக்குவரத்து ஊதிய ஒப்பந்தம் எப்போது காலாவதியானது என்று பார்த்தால் 2016 ஆகஸ்ட் 31. புதிய ஒப்பந்தமும் வேலைநிறுத்தமும் வந்தது 2018 ஜனவரியில். இடையில் 16 மாதங்கள். அதற்கடுத்த ஒப்பந்தம் 2019 செப்டம்பர் முதல் நடப்புக்கு வர வேண்டியது. 2021 பிப்ரவரி கடைசியில் மறுபடி பேருந்துகள் நின்றன. கையெழுத்தானது 2022 ஆகஸ்டில். அதற்கும் அடுத்தது 2023 செப்டம்பரில் தொடங்க வேண்டியது. 2025 மே மாதத்தில்தான் கையெழுத்து விழுந்தது. நடுவில் 2024 ஜனவரி 9, 10 தேதிகளில் ஒரு வேலைநிறுத்தம், மறுபடியும் பொங்கலுக்கு முன்னால். சென்னையில் பெரும்பாலான பேருந்துகள் அந்த முறை ஓடின என்றாலும், வெளியூர் போக டிக்கெட் எடுத்தவர்கள் பதற்றத்தோடுதான் காத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் கேட்டுக்கொண்ட பிறகு சங்கங்கள் போராட்டத்தை ஒத்திவைத்தன. கேட்டவற்றில் ஒன்று ஓய்வுபெற்றவர்களுக்கு நிலுவையில் இருந்த அகவிலைப்படி. ஆண்டுக்கணக்காக வண்டி ஓட்டியவர்கள் முதுமையில் மருந்துக்கும் மாத்திரைக்கும் எதிர்பார்த்திருந்த பணம் அது.

மூன்று ஒப்பந்தங்கள், மூன்றிலும் தாமதம். இரண்டு கட்சிகளின் ஆட்சியிலும் இதே கதை. வேலைநிறுத்தம் நடக்கும்போது தொலைக்காட்சியில் தெரிவது மூடிய பணிமனையும் கொடியும் காத்திருக்கும் பயணிகளும்தான். ஒப்பந்தம் முடிந்தும் பேச்சு தொடங்காத மாதங்களைப் படம் பிடிக்க முடியாது. அந்த மாதங்களுக்கு ஊர் செலுத்தும் வட்டிதான் வேலைநிறுத்த நாள்.

துறைமுகத்திலும் இதேதான். நாட்டின் பெரிய துறைமுகங்களில் வேலை செய்யும் சுமார் 20,000 தொழிலாளர்களின் ஊதிய ஒப்பந்தம் 2021 டிசம்பர் 31-இல் முடிந்தது. பேச்சு நீண்டது. சங்கங்கள் 2024 ஆகஸ்ட் 28 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. சென்னைத் துறைமுகம் நின்றால் துறைமுகத்துக்குள் இருப்பவர்கள் மட்டும் சும்மா இருப்பதில்லை. மணலியிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் கிளம்பும் டிரெய்லர்கள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடைக்கு ஏற்பத்தான் படி. நடை இல்லையென்றால் படி இல்லை. சாலையோர டீக்கடை, பங்க்சர் கடை, எடை மேடை, கஸ்டம்ஸ் ஏஜென்ட் அலுவலகத்தில் கோப்பு சுமக்கும் பையன் என்று அந்தச் சங்கிலி நீளும்.

ஆனால் ஆகஸ்ட் 28 அன்று எதுவும் நிற்கவில்லை. முந்தின நாள், ஆகஸ்ட் 27-இல், உடன்பாடு ஏற்பட்டது. 8.5 சதவீத ஊதிய உயர்வு, 2022 ஜனவரி 1 முதல் முன்தேதியிட்டு. 32 மாதம் கிடப்பில் கிடந்தது ஒரே நாளில் முடிந்தது. முடிக்கக்கூடிய காரியம்தான் அது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பள்ளிக்கூடமும் வெளிநோயாளி வரிசையும்

2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஜாக்டோ-ஜியோ அமைப்பின் கீழ் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலையை நிறுத்தினார்கள். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு பணியில் சேர்ந்தவர்களுக்கான பங்களிப்பு ஓய்வூதியத்தைக் கைவிட்டுப் பழைய ஓய்வூதியத்தைக் கொண்டுவர வேண்டும் என்பது முதன்மைக் கோரிக்கை. பொதுத்தேர்வுக்கு ஏறக்குறைய ஒரு மாதமே இருந்த நேரம். தனியார் பள்ளிகளில் திருப்புதல் தேர்வு தடையில்லாமல் நடந்தது. அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படித்த பிள்ளைகள் பூட்டிய அறைகளைப் பார்த்தார்கள். தற்காலிக ஆசிரியர்களை எடுக்கப் போவதாக அரசு அறிவித்தது. தன் பிள்ளையின் பாடம் போனது பெற்றோருக்கு வருத்தம். தன் முதுமை என்னவாகும் என்பது ஆசிரியருக்கு வருத்தம். ஒரு வருத்தத்தை வைத்து இன்னொன்றை அடிப்பது சுலபம். அந்த வாரம் அதுதான் நடந்தது.

இன்று அதே நிலை வந்தால் இழப்பு இன்னும் கூடும். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் நடக்கிறது, மதியம் சத்துணவு. விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பும் தாய்மார் பலருக்குப் பிள்ளையின் காலைச் சாப்பாடு பள்ளியில்தான். இங்கே ஒரு பள்ளி மூடினால் ஒரு குழந்தைக்கு இரண்டு வேளைச் சாப்பாடு பறிபோகும்.

2019 அக்டோபர் 25-இல் அரசு மருத்துவர்கள் தொடங்கிய போராட்டத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கால அடிப்படையிலான ஊதிய உயர்வு உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக வெளிநோயாளிப் பிரிவைப் புறக்கணித்தவர்கள், அவசர சிகிச்சையை நிறுத்தவில்லை. நவம்பர் 1-இல் போராட்டம் முடிந்தது. அந்த நாட்களில் ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடங்களுக்குச் சர்க்கரை மாத்திரைக்கும் ரத்த அழுத்த மாத்திரைக்கும் பேருந்து மாறி வந்த முதியவர்கள் சிரமப்பட்டார்கள். ஆனாலும் எது நிற்கலாம், எது நிற்கக் கூடாது என்று போராடுபவர்களே ஒரு கோடு போட்டுக்கொண்டார்கள். அந்தக் கோடு முக்கியம். இந்த உரையின் முடிவில் அதற்குத் திரும்ப வருவோம்.

ராயபுரத்துக் குப்பை, ராயபுரத்துத் தொழிலாளி

2025 ஆகஸ்ட் 1. மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் முன் நடைபாதையில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையை மாநகராட்சி தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து 13 நாள் அங்கேயே இருந்தார்கள். மாதம் சுமார் 23,000 ரூபாயாக இருந்த வருமானம் 16,000 ஆகக் குறையும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. பத்து வருடம், பதினைந்து வருடம் தற்காலிகமாகவே வேலை செய்து, நிரந்தரமாகும் என்று காத்திருந்தவர்கள். திருவொற்றியூர், மணலி மண்டலங்களில் இந்த மாற்றம் முன்பே நடந்துவிட்டதால், எது காத்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அந்த நாட்களில் ராயபுரம் பக்கம் தொட்டிகள் நிரம்பி வழிந்தன. மீன் விற்கும் தெருவில் ஆகஸ்ட் வெயிலில் ஒரு நாள் குப்பை தங்கினால் என்ன ஆகும் என்பது காசிமேட்டுக்காரர்களுக்குத் தெரியும். கொசு, நாற்றம், அடைத்த வடிகால், குழந்தைகளுக்குக் காய்ச்சல். சென்னையில் பல பகுதிகளுக்கு அது செய்தித்தாள் செய்தி, வடசென்னைக்கு வாசல்படி.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த பெண்கள் போராட்டம் முடிந்து எங்கே திரும்பினார்கள்? குப்பை குவிந்த அதே தெருக்களுக்குத்தான். வடசென்னையில் வேலையை நிறுத்துபவரும் அதனால் அவதிப்படுபவரும் பெரும்பாலும் ஒரே தெருக்காரர்கள். பேருந்து நடத்துனரின் மனைவி வேலைக்குப் போவது பேருந்தில். துறைமுகத் தொழிலாளியின் மகன் படிப்பது அரசுப் பள்ளியில். தூய்மைப் பணியாளரின் மகள் பிரசவத்துக்குப் போவது ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு. ஆகவே "பொதுமக்கள் ஒரு பக்கம், ஊழியர்கள் ஒரு பக்கம்" என்று பிரித்துப் பேசும் பேச்சு இந்த மண்ணுக்குப் பொருந்தாது. ஒரே வீட்டுக்குள் ஒருவர் போராடுகிறார், இன்னொருவர் நடந்து போகிறார்.

ஆகஸ்ட் 13 அன்று நடைபாதையைக் காலி செய்ய உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நள்ளிரவில் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்தியது. மறுநாளே அமைச்சரவை கூடித் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, காப்பீடு, வீடு என்று நலத்திட்டங்களை அறிவித்தது. ஜூலையில் அறிவித்து, அவர்களை அழைத்துப் பேசியிருந்தால் அந்த 13 இரவுகள் தேவைப்பட்டிருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது

வேலைநிறுத்தத்தை அடக்கினால் மக்கள் துன்பம் தீரும் என்ற நம்பிக்கைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2003 ஜூலை 2-இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளைத் திரும்பக் கேட்டதுதான் பின்னணி. அன்றைய அரசு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான எஸ்மாவைக் கூர்மையாக்கி, சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்தது. நள்ளிரவில் கைதுகள் நடந்தன. டி.கே.ரங்கராஜன் தொடுத்த வழக்கில் 2003 ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்து வேலைக்குத் திரும்பினார்கள். 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஓர் இடமும் பெறாமல் தோற்றது; அதே ஆண்டு மே மாதம் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

அடக்கியதால் வேலைநிறுத்தம் ஒழிந்ததா? ஓய்வூதியப் பிரச்சினை தீராததால் 2017-இலும் 2019-இலும் அதே ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு முன்னால் 1974 மே 8 முதல் 27 வரை நடந்த ரயில்வே வேலைநிறுத்தமும் கைதுகளால் முறியடிக்கப்பட்டது. சுமார் 17 லட்சம் பேர் பங்கெடுத்த அந்தப் போராட்டத்தின் போனஸ் கோரிக்கை 1979-இல் நிறைவேறியது. மறுத்த கோரிக்கை தள்ளித்தான் போனது, செத்துப்போகவில்லை.

சட்டத்திலேயே வேறொரு வழி இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் ரயில், பெரிய துறைமுகம், மின்சாரம், தண்ணீர், துப்புரவு ஆகியவையும், அரசு அறிவிக்கும்போது பேருந்துப் போக்குவரத்தும் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளாக இருந்தன. அவற்றில் வேலையை நிறுத்த நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டியிருந்தது. நோட்டீஸ் வந்ததும் சமரச அலுவலர் பேச்சைத் தொடங்கியே ஆக வேண்டியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு, இந்த 14 நாள் நோட்டீஸை எல்லாத் தொழில்களுக்கும் விரித்திருக்கிறது. பாதிப்பேர் சேர்ந்து ஒரே நாளில் விடுப்பு எடுத்தால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறது. தொழிலாளிக்குக் கட்டு இறுகியிருக்கிறது. அந்த 14 நாளில் அதிகாரம் உள்ள ஒருவர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும் என்ற கட்டு மறுபக்கம் அதே அளவுக்கு இறுகவில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாத அலுவலரை அனுப்புவது, தேதி கேட்பது, கடைசி நாளில் நீதிமன்றத்துக்குப் போவது: 14 நாள் இப்படித்தான் கரைகிறது.

மற்ற ஊர்கள் கண்ட வழி

இத்தாலி 1990-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொதுச் சேவைகளில் வேலைநிறுத்த உரிமை உண்டு. ஆனால் குறைந்தபட்ச சேவை தொடர வேண்டும். ரயில் வேலைநிறுத்த நாளிலும், வேலை நாளென்றால், காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் உள்ளூர் ரயில்கள் ஓடும். வேலைக்குப் போகிறவர் போய்விடலாம், திரும்பியும் விடலாம். நிர்வாகத்துக்கு மட்டும் அழுத்தம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நிலைப்பாடும் இதற்கு நெருக்கமானது: உயிரையும் உடல்நலத்தையும் பாதிக்கும் சேவைகளில் தடை இருக்கலாம், போக்குவரத்து போன்றவற்றில் பேசி முடிவு செய்த குறைந்தபட்ச சேவை இருக்கலாம்.

ஜப்பானின் ஒக்கயாமாவில் 2018-இல் ஒரு பேருந்து நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தாமல் கட்டணப் பெட்டியைத் துணியால் மூடினார்கள். பயணிகள் காசில்லாமல் போனார்கள், இழப்பு நிர்வாகத்துக்கு.

அருகிலேயே எதிர்மாறான உதாரணமும் இருக்கிறது. 2022 செப்டம்பர் 28-இல் புதுச்சேரி மின்துறை ஊழியர்கள் தனியார்மயத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அக்டோபர் 1 இரவு பல பகுதிகள் இருளில் மூழ்கின; மக்கள் தெருவில் இறங்கி மறியல் செய்தார்கள்; துணை ராணுவம் வரவழைக்கப்பட்டது. தனியார்மயம் வந்தால் பாதிக்கப்படப் போகிறவர்கள் அந்த நுகர்வோரும்தான். போராட்டத்துக்குத் துணை நிற்க வேண்டியவர்களை ஒரு ராத்திரி இருட்டு எதிரணிக்குத் தள்ளியது.

சாத்தாங்காட்டிலிருந்து மூன்று கோரிக்கைகள்

முதலாவது, அரசுக்கு. ஒப்பந்தம் முடியும் தேதி பல ஆண்டு முன்பே தெரியும். அது முடிவதற்கு ஆறு மாதம் முன்னால் பேச்சு தொடங்க வேண்டும். இழுபறி என்றால் மத்தியஸ்தரை அப்போதே நியமிக்க வேண்டும். பேச்சுக்கு வருபவர் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு வர வேண்டும்.

இரண்டாவது, சங்கங்களுக்கு. 2019-இல் மருத்துவர்கள் போட்ட கோட்டைப் போக்குவரத்திலும் துப்புரவிலும் போட முடியும். மணலி, எண்ணூர், திருவொற்றியூரிலிருந்து ஸ்டான்லிக்கும் ஆர்.எஸ்.ஆர்.எம்.முக்கும் போகும் தடங்களில் காலையும் மாலையும் சில நடைகள். மருத்துவமனை, மீன் மார்க்கெட் தெருக்களின் குப்பை. இவ்வளவு ஓடினால் போராட்டத்தின் வலு குறையாது. நடந்து போகும் பெண்ணின் ஆதரவு கூடும்.

மூன்றாவது, இரு தரப்புக்கும். 14 நாள் நோட்டீஸ் இன்று நிர்வாகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும்தான் போகிறது. பயணிக்குப் போவதில்லை. அதன் நகல் பேருந்து நிறுத்தத்தில், மார்க்கெட் வாசலில், ரேஷன் கடையில் ஒட்டப்பட வேண்டும்: கோரிக்கை என்ன, ஒப்பந்தம் எப்போது முடிந்தது, பேச்சு எத்தனை முறை நடந்தது, நாளைக்கு எந்த வண்டி ஓடும், எது ஓடாது. படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, பக்கத்தில் நிற்பவர் கேட்டுக்கொண்டால், கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

துறைமுகத் தொழிலாளர்களின் இப்போதைய ஒப்பந்தம் முடியும் நாள் 2026 டிசம்பர் 31. அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிட்டதா என்று, டிரெய்லர்கள் கடக்கும் இந்தச் சாலையோரத்தில் நின்று, சாத்தாங்காடு இப்போதே கேட்கலாம்.